குழாயில் மூன்று தட்டு

மூன்று தட்டுக்கு மூன்று தட்டுதான் பதிலாக வர வேண்டும். வந்தது ஆறு.

சத்யப்ரியா ஸ்பேனரைக் கீழே வைக்காமல் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். மதியம் பன்னிரண்டு மணி. புயல் மழை என்று விடிவதற்கு முன்பே மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். படிக்கட்டின் சிறிய ஜன்னல் வழியாகச் சாம்பல் கரைத்த தண்ணீர்போல ஒரு வெளிச்சம் மட்டும் உள்ளே வந்துகொண்டிருந்தது. முதல் மூன்று தட்டும் மேலிருந்து வந்தவை. மொட்டைமாடி அறையில் இருக்கும் மகள் அனுப்பிரியா, கரண்டிக் காம்பால் அவசர அவசரமாகத் தட்டுவது அப்படித்தான் கேட்கும். கொஞ்சம் இடைவெளி விட்டு வந்த அடுத்த மூன்றும் மெதுவாக, மெல்லியதாக, ஏதோ பாத்திரத்தின் விளிம்பு இரும்பில் படுவதுபோல இருந்தன.

அந்தக் குழாய், தரைக்கு அடியிலுள்ள சம்ப் தொட்டியிலிருந்து படிக்கட்டுச் சுவரை ஒட்டியே ஏறி மொட்டைமாடித் தொட்டிவரை போகிறது. தெருவில் எல்லோரும் பிளாஸ்டிக்குக்கு மாறிவிட்டார்கள். அவள் கணவன் மாணிக்கவேல் மட்டும் மாற்றவில்லை. இரும்பு சத்தத்தைக் கடத்தும் என்பான். மின்சாரமும் போனும் போய்விட்டால் வீட்டில் யார் எங்கே இருக்கிறார்கள், பத்திரமாக இருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள அதுதான் வழி. ஒருவர் மூன்று தட்டினால் மற்றவர் மூன்று தட்ட வேண்டும். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் மூன்று தளத்தில் நின்றுகொண்டு ஒத்திகை பார்ப்பார்கள். பக்கத்து வீட்டு ஜெயவேலு, "இன்னா முதலாளி, பஜனை ஆரம்பிச்சாச்சா?" என்று மதிலுக்கு அந்தப்பக்கமிருந்து கிண்டல் செய்வார். அவர் குடும்பம் நேற்றே பொழிச்சலூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டது.

அவள் மாடி ஏறினாள். அனு கோழிக்கூண்டுக்கு முன்னால் குந்தியிருந்தாள்.

"ரெண்டு வாட்டி தட்டினியாடி?"

"ஒரு வாட்டிதாம்மா. ரெண்டாவது நீதான தட்டின?"

"நான் இல்ல."

"அப்ப அப்பா வந்துட்டாரா?"

"எதிரொலி. போய் சாப்பிடு."

எதிரொலி என்று சொன்னபோது அவளுக்கே அது சரி என்று பட்டது.

*

முடிச்சூருக்கு மேற்கே, அடையாற்றிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்தது அந்த வீடு. மாணிக்கவேலின் அப்பா காலத்தில் இங்கே நெல் விளைந்தது. நிலத்தை மனை போட்டு விற்ற பிறகு தங்களுக்கென்று ஒரு மூலையை வைத்துக்கொண்டு வீடு கட்டினார்கள். இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்தில் கீழ்த்தளம் முழுக்க முங்கியது. அதற்குப் பிறகுதான் மாணிக்கவேல் மாறிப்போனான். அரிசி மொத்த வியாபாரம் செய்கிறவன், கடையைப் பார்ப்பதைவிட வீட்டைத் தயார் செய்வதில் அதிகம் இருந்தான்.

"கீழ் வூட்டைத் தண்ணிக்கே எழுதி வெச்சிட்டேன்" என்பான். அங்கே இப்போது குடித்தனம் இல்லை. ஒரு நாற்காலிகூடக் கிடையாது. கீழிருந்து வரும் படிகளில் சிவப்புப் பெயின்ட்டால் ஒன்று, இரண்டு என்று எண் எழுதியிருந்தான். ஒன்பதாம் படிக்கு மேல், திருப்பத்தில், ஓரமெல்லாம் ரப்பர் வைத்த இரும்புத் தகட்டுக் கதவு. ஸ்பேனர் போட்டுத் திருகினால்தான் திறக்கும் மூன்று போல்ட். முகத்தின் உயரத்தில் உள்ளங்கை அளவு கண்ணாடி. அதன் வழியாகப் பார்த்தால் தண்ணீர் எந்த எண்ணில் நிற்கிறது என்று தெரியும்.

முதல் தளத்தில் அவர்கள் வாழ்ந்தார்கள். மொட்டைமாடி அறையில் எல்லாம் இருந்தது: வேப்பிலை போட்டு மூடிய நீல டிரம்களில் அரிசியும் பருப்பும், குடிதண்ணீர், கருவாடு, மண்ணெண்ணெய் அடுப்பு, சூரிய விளக்கு, காய்ச்சல் மாத்திரை, லாரி டியூபும் கயிறும். வெளியே தொட்டிகளில் கீரை, கத்தரி. ஒன்பது கோழி, ஒரு சேவல். படிக்கட்டு நேராக அந்த அறைக்குள் ஏறியது. அங்கேயும் ஒரு இரும்புக் கதவு. அதன் தாழ்ப்பாள் அறைக்கு உள்பக்கம், அனுவின் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. அவளே பூட்டிக்கொண்டு பயந்துவிடக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருந்தான். தெருவில் தண்ணீர் வந்துவிட்டால் குழந்தை மேலே போய்விட வேண்டும், பெரியவர் ஒருவர் தகட்டுக் கதவைக் கவனிக்க வேண்டும். இது அவன் போட்ட சட்டம்.

சத்யப்ரியாவுக்கு இன்னொரு சட்டமும் இருந்தது. "என்ன ஆனாலும் அந்தக் கதவைத் தொறக்காத பிரியா. தண்ணியோட வர்றதெல்லாம் நல்லதா இருக்காது." பாம்பைத்தான் சொன்னான்.

ஆனால் இன்று காலை பத்து நாற்பதுக்கு அவனிடமிருந்து வந்த குரல் பதிவு வேறு சொன்னது. முந்தின நாள் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் இருக்கிற குடோனில் ஓடு பறந்துவிட்டதென்று போனவன், காற்று இரைச்சலுக்கு நடுவே கத்தியிருந்தான்: "கெளம்பிட்டேன். எப்படியும் வந்துடுவேன். கீழ் வாசல் வழியாதான் வர முடியும். வந்தா குழாய தட்றேன். அப்ப மட்டும் கதவ தொற."

அதற்குப் பிறகு போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை.

*

மூன்று மணிக்கு மறுபடி கண்ணாடியில் பார்த்தாள். தண்ணீர் ஆறாம் எண்ணைத் தொட்டிருந்தது. அதில் அலை இல்லை. எண்ணெய்போலக் கறுத்து அசையாமல் கிடந்தது. கதவின் ரப்பர் இடுக்கு வழியாக ஒரு வாடை வந்தது. சாக்கடையும் சேறும் ஆற்று வெங்காயத்தாமரையும் கலந்த அந்த வாடை, ஒன்பது வருடத்துக்கு முன் மூன்று மாதம் சுவரைவிட்டுப் போகாமல் இருந்த அதே வாடை. அவள் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

தக்.

தக்.

தக்.

கீழிருந்துதான். சந்தேகமில்லை. காலுக்கு அடியிலிருந்து குழாய் வழியே ஏறி, அவள் தோளருகே வந்து, மேலே போனது.

"என்னங்க?" என்று கூப்பிட்டாள். தகட்டில் வாயை வைத்து இன்னொரு முறை கூப்பிட்டாள். மாணிக்கவேல் தட்டினால் சுவரே அதிரும். எதையும் அவனுக்கு மெதுவாகச் செய்யத் தெரியாது. இது அவன் கை இல்லை.

வெளியே மோட்டார் சத்தம் கேட்டது. முதல் தளத்துப் பால்கனிக்கு ஓடினாள். திருட்டுக்குப் பயந்து முழுக்கக் கம்பி அடித்த பால்கனி. கீழே தெரு இருந்த இடத்தில் நீல நிறப் படகு ஒன்று மிதந்தது. கோவளத்திலிருந்து லாரியில் ஏற்றி வந்த மீன்பிடிப் படகு. உள்ளே நனைந்த போர்வைகளுக்குள் நான்கைந்து பேர். மோட்டாரைப் பிடித்திருந்தவன் நிமிர்ந்து பார்த்தான்.

"யக்கா! எத்தினி பேரு கீறீங்க?"

"ரெண்டு பேரு. நானும் பொண்ணும்."

"மொட்ட மாடிக்குப் போயி கயிறு வுடுங்க, எறக்கிக்கினு போயிடலாம். நைட்டுக்கு இன்னும் ஏறும்ன்றாங்கோ."

"இல்லப்பா, எங்க வீட்டுக்காரர் வந்துடுவார். எங்ககிட்ட எல்லாம் இருக்கு."

மேலே சேவல் கூவியது. அவன் சிரித்தான். "ஆமா, கோயி வேற கீது. கொயம்பு வெச்சீன்னா இந்த வெற்றிவேலுக்கு ஒரு தூக்கு எடுத்து வைக்கா." பிறகு சிரிப்பு நின்றது. மோட்டாரை அணைத்தான். தலையைச் சாய்த்து எதையோ கேட்டான்.

"யக்கா. கீய யாருனா கீறாங்களா?"

"யாரும் இல்லையே."

"உள்ள இன்னாவோ தட்டுது."

"காலி டிரம்மு" என்றாள். "மெதக்குது."

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்.

அவன் கொஞ்ச நேரம் கீழ்த்தளத்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அப்பால வர முடியுமோ இன்னாவோ. நல்லா யோசிச்சுக்க" என்றான். அவள் தலையை ஆட்டினாள். படகு திரும்பிப் போனது. அது கிளப்பிய அலை கீழ்வீட்டுக்குள் போய்ச் சுவர்களில் மோதுவது கேட்டது.

போயிருக்கலாம். அனுவையாவது அனுப்பியிருக்கலாம். ஆனால் மாணிக்கவேல் வந்து குழாயைத் தட்டி, மேலே திறக்க யாரும் இல்லையென்றால்? இன்னொரு முறை இந்தக் குழாய்க்குப் பதில் இல்லாமல் போகக் கூடாது.

*

முதல் முறை தட்டியவள் பியூலா.

கீழ்வீட்டில் குடியிருந்தாள். நாற்பது வயது இருக்கும், தனியாள், தாம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியில் டீச்சர். குழந்தை அனுவுக்கு ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்தவள். இரவு பத்து மணிக்குப் படிக்கட்டு கிரில்லைப் பூட்டிச் சாவியை மேலே மாட்டுவது அப்போது வழக்கம். வெள்ளம் வந்த அந்த இரவும் மாணிக்கவேல் வீட்டில் இல்லை, கடையில் மூட்டைகளை மேலே ஏற்றிக்கொண்டிருந்தான். பூட்டியவள் சத்யப்ரியா.

ஏரியைத் திறந்துவிட்ட தண்ணீர் ஒரு மணிக்கு வந்தது என்று பிறகு பேசிக்கொண்டார்கள். ஒரே மூச்சில் வந்தது, யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார்கள். மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்தபோது பியூலா கிரில்லுக்குக் கீழே கிடந்தாள். கையில் ஓர் எவர்சில்வர் டம்ளர் இருந்தது. தாகத்துக்கு எடுத்திருப்பாள் பாவம் என்று யாரோ சொன்னார்கள். அதன் விளிம்பு ஒரு பக்கம் மட்டும் நசுங்கி உள்ளே போயிருந்ததை சத்யப்ரியா பார்த்தாள். யாரும் கவனிப்பதற்கு முன் அதை எடுத்துச் சேற்றில் வீசினாள்.

ஏனென்றால் அவளுக்குக் கேட்டிருந்தது.

எட்டு மாதக் குழந்தைக்குக் காய்ச்சல். மூன்று மணி நேரம் அழுது அப்போதுதான் அவள் மார்பில் கண் மூடியிருந்தது. ஷ்ஷ், ஷ்ஷ் என்று முதுகில் தட்டிக்கொடுத்துக்கொண்டே படுத்திருந்தாள். மழை இரைச்சலுக்குள் குழாயில் தக், தக், தக் என்று வந்தது. மோட்டாரில் காற்று அடைத்திருக்கும் என்று நினைத்தாள். நினைத்தாளா, நினைத்துக்கொண்டாளா? எழுந்தால் பிள்ளை விழித்துவிடும். தட்டு வந்தது. நின்றது. வந்தது. அவள் கை குழந்தையின் முதுகில் அதே கணக்கில் தட்டிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பிறகு தட்டு வரவில்லை. நன்றாகத் தூங்கிவிட்டாள்.

"ஆபத்துன்னா குழாய தட்டலாமே. மூணு தட்டு" என்று ஒரு வருடம் கழித்து அவள்தான் மாணிக்கவேலிடம் சொன்னாள். ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. "நல்ல யோசனையா கீதே" என்றான் அவன்.

*

ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிட்டது. மேலே போய் அனுவுக்குச் சோறு போட்டுவிட்டு, சூரிய விளக்கை அவளிடமே வைத்துவிட்டு, டார்ச்சுடன் இறங்கி வந்தாள். மழைக்காக அறைக்குள் கொண்டுவந்திருந்த கோழிகள் அன்று கூண்டுக்குள் அடையவில்லை. எல்லாம் படிக்கட்டுக் கதவைப் பார்த்தபடி நின்றன.

கண்ணாடியில் டார்ச் அடித்தாள். தண்ணீர் எட்டாம் எண்ணை மூடியிருந்தது.

தக். தக். தக்.

இப்போது இடைவெளி குறைந்திருந்தது.

தக். தக். தக்.

அவனாக இருந்தால்? அடிபட்டிருந்தால், கையில் பலம் இல்லாமல் இருந்தால், குரல் எழும்பாமல் இருந்தால்? கழுத்தளவுத் தண்ணீரில் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறானோ? வந்தால் தட்டுகிறேன் என்றான். அப்போது திற என்றான். கதவுக்கு இந்தப்பக்கம் மனைவி நின்று எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

தக். தக்.

மூன்றாவது வரவில்லை.

அவள் காத்திருந்தாள். மழை. தன் மூச்சு. மழை.

வரவில்லை.

ஸ்பேனரை முதல் போல்ட்டில் மாட்டினாள். கை வழுக்கியது. இரண்டாவது. மூன்றாவது துருவேறி முனகிக்கொண்டே சுழன்றது. ரப்பர் சுவரிலிருந்து பிரியும்போது ஈரமான வாய் திறப்பதுபோல ஒரு சத்தம் வந்தது. குளிர்ந்த வாடை முகத்தில் அடித்தது.

"என்னங்க!"

தண்ணீர் ஒன்பதாம் படியின் விளிம்பில் இருந்தது. டார்ச் வெளிச்சம் அதன்மேல் வழுக்கிக்கொண்டே போனது. தெர்மோகோல் துண்டு. ஒற்றைச் செருப்பு. குழாய் நேராகத் தண்ணீருக்குள் இறங்கி மறைந்தது. யாரும் இல்லை.

குழாயில் கை வைத்தாள். குழாய் நடுங்கிக்கொண்டிருந்தது.

ஒன்பது வருடமாக வாயில் வராத சொற்கள் தாமாக வந்தன.

"பியூலாக்கா. எனக்குக் கேட்டுச்சு. அன்னிக்கு எனக்குக் கேட்டுச்சுக்கா. கொழந்த அப்பதான் தூங்கிச்சு. எழுந்திருச்சா முழிச்சுக்கும்னு..."

குழாயின் நடுக்கம் நின்றது.

அவ்வளவுதான். தண்ணீர் மட்டும் படியை நக்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே கதவைச் சாத்தி, போல்ட்டுகளை ஒவ்வொன்றாக முறுக்கினாள். ஏதோ ஒன்று முடிந்துவிட்டதுபோல உடம்பு லேசானது.

அப்போது இடுப்பில் செருகியிருந்த போன் அதிர்ந்தது. ஒரே ஒரு கோடு. ஒரு செய்தி. காலை பதினொன்று பத்துக்கு அனுப்பியது.

"கூடுவாஞ்சேரியோட நிறுத்திட்டாங்க. திரும்பி குடோனுக்கே போறேன். நாளைக்குத்தான் வர முடியும். எதுக்காகவும் கதவத் திறக்காதே."

அவள் அதை இரண்டு முறை படித்தாள். டார்ச்சை உயர்த்தினாள்.

அவளுக்கு மேலே இருந்த படிகள் ஈரமாக இருந்தன.

அவள் காலடி இல்லை. அவள் செருப்பு போட்டிருந்தாள். இவை வெறுங்கால்கள். சேற்றுத் தடங்கள். ஒவ்வொரு படியிலும் ஒன்று, நிதானமாக, மேலே.

"அனு!"

ஓடினாள். செருப்பு கழன்றது. முதல் தளம். அடுத்த படிக்கட்டு. டார்ச் கையிலிருந்து விழுந்து உருண்டு கீழே போனது. இருட்டு. மேலே இரும்புக் கதவு மூடும் சத்தம்.

பிறகு தாழ்ப்பாள்.

அனுவுக்கு எட்டாத தாழ்ப்பாள்.

"அனு! கதவத் தொற! அனு!"

தோளால் மோதினாள். வெள்ளத்துக்காகச் செய்த கதவு. அசையவில்லை. உள்ளே கோழிகள் ஒன்றுகூடக் கத்தவில்லை. ஸ்பேனர் இன்னும் கையில் இருந்தது. குழாயில் தட்டினாள். மூன்று. காத்திருந்தாள். மறுபடி மூன்று. மறுபடி. கணக்குத் தப்பியது. கரண்டிக் காம்பின் சத்தம் வரவில்லை.

கீழே, வெகு கீழே, இருட்டில், தண்ணீர் தகட்டுக் கதவில் ஏதோ ஓர் இடுக்கைக் கண்டுபிடித்துவிட்டிருந்தது. கதவுக்கு இந்தப்பக்கம் ஒழுகும் சத்தம்.

அவள் இரும்பில் காதை வைத்தாள்.

உள்ளே யாரோ அனுவைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தார்கள். அவசரமில்லாமல். எழுந்திருக்க மனமில்லாமல்.

ஷ்ஷ். ஷ்ஷ்.

ஈரமான உள்ளங்கை ஒன்று சின்ன முதுகில் படும் சத்தம். மூன்று. கொஞ்சம் இடைவெளி. மூன்று.